மதினியோடு ஏழு நாள் கொரியா

முதல் நாள், செவ்வாய். சியோல்

வந்து சேர்ந்துவிட்டோம். இன்சியோன் விமான நிலையத்தில் இறங்கியதும் மதினி முதலில் கைக்கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார். அடுத்து, எதிரே வந்த துப்புரவுப் பணியாளரிடம் "அன்யோங்ஹாசேயோ" என்று குனிந்து வணக்கம் சொன்னார். அந்த அம்மாள் திடுக்கிட்டு, கையிலிருந்த துடைப்பத்தோடு திரும்பக் குனிந்தார். மதினி என்னைப் பார்த்த பார்வையில் 'எப்படி?' என்பது இருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. வயது 64, மதுரையில் அரசு மருத்துவமனை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்துப் போட்ட காலத்திலேயே பிடித்த பித்து இது. நான் தமிழாசிரியை. இந்த ஆண்டுதான் அறுபது முடிந்து ஓய்வு. அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். தோசை மாவு ஆறு டப்பாவில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. இருவரும் சைவம். இந்த ஊரில் அதனால் என்ன பாடு படப்போகிறோமோ தெரியவில்லை.

நான் கிளம்பியதற்குக் காரணம் வேறு. பள்ளியில் ஆண்டுக்கொரு முறையாவது ஒரு பையன் செல்போனைக் கொண்டுவந்து நீட்டுவான்: கொரிய மொழியில் ஐநூறு தமிழ்ச் சொற்கள்! அம்மாவுக்கு ஒம்மா, அப்பாவுக்கு அப்பா, நாளுக்கு நல், புல்லுக்கு புல், நானுக்கு நா, நீக்கு நோ. "நெசமா டீச்சர்?" இது இன்று நேற்று வந்த ஆசையல்ல. 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுத் தனி நூலே எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் ஒரு மொழியைக் காதால் கேட்காமலே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பது உறுத்தலாகவே இருந்தது.

நகருக்குள் வர ரயிலில் ஒரு மணி நேரம். பெட்டி நிறைய ஆள், சத்தம் மட்டும் இல்லை. மதினி வழக்கமான குரலில் "தண்ணி பாட்டில எங்க வச்ச?" என்று கேட்டதும் நாலு தலைகள் திரும்பின. பெட்டியின் கோடியில் முதியோர் இருக்கைகள் காலியாகவே வந்தன. பள்ளிப் பிள்ளைகள் முதுகுப்பை சுமையோடு நின்றுகொண்டு வந்தார்களே தவிர ஒருவரும் அதில் உட்காரவில்லை.

கடை வாசல்களில் எல்லாம் குச்சி போன்ற சாக்லேட் பிஸ்கட் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இன்று நவம்பர் 11. எண்ணால் எழுதினால் நாலு குச்சி நிற்கிற மாதிரி இருக்கிறதல்லவா, அதனால் இது பெப்பரோ நாளாம். யாருக்காவது ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தே தீர வேண்டும். எனக்கு நம் ஊர் அட்சய திருதியை நகைக்கடைக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

விடுதி ஒரு சின்னச் சந்துக்குள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் தரை சுடுகிறது. ஒண்டோல் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அடுப்பின் சூட்டையும் புகையையும் தரைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டார்கள். இப்போது வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. பாயைப் போல் மடித்துவைக்கும் மெத்தையைத் தரையில் விரித்துப் படுக்க வேண்டியதுதான். "இடுப்புக்கு ஒத்தடம் குடுத்தாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு மதினி தூங்கியே போனார்.

தூங்குவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. விடுதிக்காரம்மா எங்கள் பெயரைக் கேட்பதற்கு முன் வயதைக் கேட்டார். செல்போனில் அவர் பேசப் பேச அது தமிழில் எழுதிக் காட்டியது. அவருக்கு 62. ஆக நான் தங்கை, அவர் எனக்கு ஒன்னி. மதினி அவருக்கு ஒன்னி. ஒன்னி என்றால் பெண்ணொருத்தி அழைக்கிற அக்கா. அதே அக்காவைத் தம்பி கூப்பிட்டால் நூனா. வயது தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது, எந்த விகுதி போட்டுப் பேசுவது? அதனால்தான் அந்த முதல் கேள்வி. முன்பெல்லாம் பிறந்த உடனே ஒரு வயது என்று எண்ணுவார்கள். 2023 ஜூனில் சட்டப்படி வயதுக் கணக்கைப் பொதுவாக உலக வழக்குக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அறுபது என்றதும் அவர் கைதட்டி "ஹ்வாங்கப்!" என்றார். அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருவதைக் கொண்டாடும் விழா. நம் சஷ்டியப்த பூர்த்தியேதான்.

ஒன்னிதான் அண்ணி என்று ஒரு பட்டியலில் படித்திருக்கிறேன். நான் அண்ணியோடுதான் வந்திருக்கிறேன். இரண்டும் வேறு என்று முதல் நாளே தெளிவாகிவிட்டது.


இரண்டாம் நாள், புதன். சியோல்

கியோங்போக்குங் அரண்மனை. நுழைவுக் கட்டணம் 3,000 வோன், நம் காசுக்கு 180 ரூபாய் சொச்சம். கொரிய மரபு உடையான ஹன்போக் உடுத்தி வந்தால் இலவசம். அந்த 3,000 வோனை மிச்சம் பிடிக்க அதைப் போல் பல மடங்கு வாடகை கொடுத்து மதினி ஹன்போக் எடுத்தார். கேட்டால், "பைசா மிச்சம்னு யாரு சொன்னா?" ரோஜா நிறப் பாவாடை, மேலே இளம்பச்சைச் சட்டை. சுடிதாருக்கு மேலேயே உடுத்திவிட்டார்கள். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. நான் சேலையும் கம்பளிச் சட்டையுமாக நின்றேன். படம் எடுக்கக் கேட்டவர்கள் இரண்டு பேரிடமும் கேட்டார்கள்.

இந்த அரண்மனை 1395-ல் கட்டியது. 1592-ல் ஜப்பானியர் படையெடுத்து வந்தபோது எரிந்து, 270 ஆண்டுக்கு மேல் பாழாகக் கிடந்து, 1867-ல் திரும்ப எழுந்தது. பிறகு ஜப்பானிய ஆட்சியில் பெரும்பகுதியை இடித்துவிட்டு, சிம்மாசன மண்டபத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்படி முன்னாலேயே தங்கள் தலைமைச் செயலகத்தை 1926-ல் கட்டிவைத்தார்கள். அதை 1995-ல், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில் கொரியர்கள் இடிக்கத் தொடங்கினார்கள். நம் கோட்டையில் நாமே உட்கார்ந்து ஆள்கிறோம், அவர்கள் இடித்தார்கள். எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெருந்தூணைக் கட்டிப்பிடித்து வளர்ந்த திருமலை நாயக்கர் மகால்காரிக்கு இந்த மர அரண்மனை முதலில் சற்று இலேசாகத்தான் தெரிந்தது. பின்னால் இருக்கும் மலையோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: மலையையும் கணக்கில் வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் நான் பார்க்க வந்தவர் வெளியே சதுக்கத்தில் பொன் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறார். செஜோங் மன்னர். 1443-ல் ஹங்குல் என்னும் கொரிய எழுத்தை உருவாக்கி 1446-ல் மக்களுக்குக் கொடுத்தவர். அதுவரை படித்தவர்கள் சீன எழுத்தில்தான் எழுதினார்கள். சிலைக்கு அடியில், நிலத்துக்குக் கீழே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது, கட்டணம் இல்லை. மதினி வெளியே படம் எடுத்துக்கொள்ள, நான் அங்கே இரண்டு மணி நேரம் இருந்தேன்.

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹங்குல் எழுத்தில் அடிப்படை மெய் ஒவ்வொன்றும் அந்த ஒலி பிறக்கும்போது வாய் இருக்கும் கோலத்தின் படம். 'க'வுக்குப் பின்நாக்கு மேலே எழும் வளைவு. 'ந'வுக்கு நுனிநாக்கு மேலே தொடும் வளைவு. 'ம'வுக்கு வாயின் சதுரம். தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லால் சொன்னதை இவர்கள் கோடாகவே போட்டுவிட்டார்கள். மெய்யையும் உயிரையும் ஒரே கட்டத்துக்குள் அடுக்கி எழுதுவது நம் உயிர்மெய்க்குக் கிட்டத்தில் வருகிறது. நாம் உயிர், மெய் என்கிறோம். அவர்கள் உயிரைத் தாய் ஒலி என்றும் மெய்யைச் சேய் ஒலி என்றும் சொல்கிறார்கள். அறிவாளி ஒரு காலைப்பொழுது முடிவதற்குள் கற்றுக்கொள்வான், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று இந்த எழுத்தை விளக்கும் அந்தக் காலத்து நூலின் பின்னுரையே சொல்கிறது. எனக்கு ஊரிலேயே நாலு நாள் ஆனது. நான் எந்த வகை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிட என்னைத் துள்ள வைத்தது வேறு. இறைச்சிக்கு கொகி என்று பெயர். அதில் வரும் இரண்டு ககரமும் ஒரே எழுத்துத்தான். முதலில் வரும்போது வல்லொலி, நடுவில் மெல்ல ஒலிக்கும். நம் ககரம் அப்படித்தானே? கொகி என்று தமிழில் எழுதிப் படித்துப் பாருங்கள், உச்சரிப்பு தானாகச் சரியாக வரும். புசான் என்ற ஊரின் பெயரை ஆங்கிலத்தில் ஒரு காலம் ஒரு எழுத்தாலும் இப்போது வேறு எழுத்தாலும் எழுதுகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை, ஒரே 'பு' போதும். (ஆனால் அவர்களுக்கு இதே இடத்தில் மூச்சு விட்டுச் சொல்லும் ஒன்றும், இறுக்கிச் சொல்லும் ஒன்றும் தனித்தனி எழுத்தாக இருக்கின்றன. அங்கே தமிழ் கைவிரித்துவிடும்.)

இரவு காய்கறி பிபிம்பப். சோற்றில் ஐந்தாறு வகைக் காய், மிளகாய் விழுது, எள்ளெண்ணெய். "கொகி பேஜுசேயோ", இறைச்சி வேண்டாம், என்று சொல்லி வாங்கினோம். கூடவே கிம்ச்சி. முட்டைக்கோஸ்தானே என்று மூன்று கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். தொடுகறிக்குக் காசு கிடையாது.


மூன்றாம் நாள், வியாழன். சியோல்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கிம்ச்சி சைவம் அல்ல. பெரும்பாலும் மீன் சாறும் உப்பிட்ட பொடி இறாலும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். விடுதிக்காரம்மா காலையில் சொன்னார். மதினி ஒரு நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, "தெரியாம செஞ்சதுக்குப் பாவம் இல்ல. ருசியாத்தான இருந்துச்சு" என்றார். அத்தோடு அந்த வழக்கு முடிந்தது.

இன்று ஊரே தாமதமாக எழுந்தது. சுனுங், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நாள். அலுவலகங்கள் பலவற்றைத் தாமதமாகத் திறக்கிறார்கள், பங்குச் சந்தை ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குகிறது. பிள்ளைகள் போகிற பாதையில் நெரிசல் கூடாது. நேரமாகிவிட்ட மாணவனைப் போலீஸ் வண்டியே ஏற்றிக்கொண்டு போய் விடும். மதியம் ஆங்கிலக் கேட்டல் தேர்வு நடக்கும் 35 நிமிடமும் நாடு முழுவதும் விமானம் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஐந்து லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வு. முப்பது ஆண்டுக்கு மேல் தேர்வறையில் மேற்பார்வைக்கு நின்றவள் நான். பக்கத்துத் தெருவில் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிய நாட்கள் நினைவுக்கு வந்தன. இங்கே வானத்தையே நிறுத்துகிறார்கள்.

விடுதிக்காரம்மாவின் தம்பி மகள் இன்று எழுதுகிறாள். வாரம் முழுக்க அவளுக்குக் கடற்பாசி சூப் கொடுக்கவில்லையாம். கடற்பாசி வழுக்கும், தேர்விலும் வழுக்கிவிட்டால்? அதற்குப் பதில் ஒட்டுகிற பண்டம்: யோத் என்னும் மிட்டாய், பசையரிசிக் கொழுக்கட்டை. பிறந்தநாள் என்றால் மட்டும் அதே கடற்பாசி சூப்தான் கட்டாயம், பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான் பத்தியம். ஜோக்யேசா கோயிலில் அம்மாக்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை தேர்வறையில் இருக்கும் நேரமெல்லாம் இவர்களும் இங்கே. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து. பிள்ளையார் காலடியில் ஹால் டிக்கெட்டை வைத்து எடுக்கும் நம் அம்மாக்களுக்கு இந்த வரிசையில் இடம் கேட்டால் கிடைக்கும். எனக்குத் தொண்டை அடைத்தது. அழகு என்று சொல்ல மாட்டேன். ஒரு பகலில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அளக்கும் வழக்கத்தை எந்த நாட்டில் பார்த்தாலும் எனக்கு ஆகாது.

மதியம் குவாங்ஜாங் சந்தை. 1905-ல் தொடங்கியது. ஊறவைத்த பாசிப்பயறைக் கல்லில் அரைத்து, எண்ணெய் நிறைய விட்டுத் தடிமனாகச் சுடுகிறார்கள். கல் மின்சாரத்தில் சுற்றுகிறது, மாவு வழிகிறது. "இது நம்ம அடைதானடி!" மதினி அடுப்புப் பக்கமே போய் நின்றுகொண்டார். பக்கத்து இருக்கைப் பையன் கடைக்கார அம்மாளை "இமோ!" என்று கூப்பிட்டான். இமோ என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள், பெரியம்மாவோ சித்தியோ. நாம் அக்கா என்று கூப்பிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பதில்லையா, அதுபோல. நானும் மெதுவாக "இமோ" என்றேன். அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். கரண்டியோடு திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அந்த வரிசையே திரும்பியது.


நான்காம் நாள், வெள்ளி. கியோங்ஜு

விரைவு ரயில், இரண்டு மணி நேரம் சொச்சம். சில்லா அரசின் பழைய தலைநகரம். ஊர் நடுவிலேயே பச்சைப் புல் மூடிய குன்றுகள். எல்லாம் அரசர்கள், பிரபுக்களின் சமாதி. வீடு, காபிக்கடை, சமாதி, பேருந்து நிறுத்தம், சமாதி என்று மாறி மாறி வருகிறது. தெருவெல்லாம் கிங்கோ மரங்களின் மஞ்சள் இலை. படத்தில் அழகாக இருக்கும், நாற்றம் படத்தில் வராது. அதன் பழம் மிதிபட்டால் வாந்திதான்.

புல்குக்சா கோயில் நன்றாக இருந்தது, கூட்டமும் இருந்தது. அங்குள்ள தபோதப் கோபுரம்தான் பத்து வோன் நாணயத்தில் இருக்கிறது. அந்த நாணயத்தைப் போலவே உள்ளங்கை அகலத்தில் ரொட்டி சுட்டு, உள்ளே சீஸ் வைத்து விற்கிறார்கள். சைவம் என்று நினைக்கிறேன். இந்த முறை நான் விசாரிக்கவில்லை.

அருங்காட்சியக முற்றத்தில் 771-ல் வார்த்த மணி ஒன்று தொங்குகிறது. சுமார் 19 டன். எத்தனை முறை வார்த்தும் ஓசை வரவில்லை என்று ஒரு குழந்தையை உலோகக் குழம்பில் போட்டார்களாம், அதன் பிறகு அடித்தபோது மணி "எமிலே" என்று அம்மாவைக் கூப்பிட்டதாம். கதைதான். இப்போது மணியை அடிப்பதில்லை, பதிவு செய்த ஓசையைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள். மதினி இரண்டாம் முறை கேட்க மறுத்து வெளியே போய்விட்டார். பிரசவ வார்டில் பல ஆண்டு இருந்தவர்.


ஐந்தாம் நாள், சனி. கியோங்ஜு அருகே

மலையடிவாரத்தில் ஒரு கோயிலில் இரவு தங்கல். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது வருகிறவர்களுக்கு இடம் போதாமல் கோயில்களைத் திறந்துவிட்டார்களாம். அன்று தொடங்கி இன்றும் நடக்கிறது. தொளதொளத்த கால்சட்டையும் மேல்சட்டையும் கொடுத்தார்கள். பிறர் எதிரே வந்தால் கைகூப்பிக் குனிய வேண்டும். இதற்கு எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஐந்து நாளில் முதல் முறையாகக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டோம். கோயில் சாப்பாட்டில் மீன் இல்லை, இறால் இல்லை. அது மட்டுமல்ல, ஐந்து காரப் பொருட்களுக்கும் தடை. பிக்குணி ஒருவர் விரல் விட்டுச் சொல்ல, ஒரு கல்லூரிப் பெண் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள்: பூண்டு, வெங்காயத்தாள், அதன் இனத்தில் இன்னும் இரண்டு கீரை, ஐந்தாவது ஹுங்கோ. அந்த ஐந்தாவதைத் தான் பார்த்ததே இல்லை, கொரியாவில் கிடையாது, பழைய நூல்களில் இருப்பதால் சொல்கிறோம் என்றார் பிக்குணி. செல்போனில் தேடினோம். பெருங்காயம்! ஹிங்கு என்ற சமஸ்கிருதச் சொல் புத்த நூல்களோடு சீனம் வழியாக இங்கே வந்து ஹுங்கோ ஆகியிருக்கிறது. பொருள் வரவில்லை, தடை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

மதினி மெதுவாக என் காதில் சொன்னார்: "ஏய், எம் பையில இருக்குடி." பருப்புப் பொடி பாட்டிலுக்குப் பக்கத்தில், மஞ்சள் டப்பாவில், ஐம்பது கிராம். வெங்காயம் பூண்டு சேர்க்காத சமையலில் அந்தக் குறையை ஈடுகட்டுவதே நமக்குப் பெருங்காயம்தான். இங்கே அது பூண்டுக்குக் கூட்டாளி. அந்தக் கோயிலில் இதுவரை எவரும் மீற வாய்ப்பே இல்லாதிருந்த விதியை இரவு முழுவதும் மதினியின் சூட்கேஸ் மீறிக்கொண்டிருந்தது.

அதிகாலை நாலு மணிக்கு ஒரு பிக்கு மரக் கட்டையைத் தட்டிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வந்தார். அந்த ஒலி தூரத்தில் தொடங்கி, நம் கதவு வரை வந்து, தேய்ந்து போகும். மார்கழிப் பஜனை போல என்று எழுத வந்தேன். ஆனால் பாட்டு நம்மை அழைக்கும், இது அழைக்கவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. பிறகு 108 வணக்கம். மூங்கில் தட்டும் ஒலிக்கு ஒரு முறை முட்டி போட்டு நெற்றி தரையில் பட விழுந்து எழ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி கோத்து மாலையாக்கலாம். மதினி முட்டிவலி என்று மணி மட்டும் கோத்தார். நாற்பதைத் தாண்டும்போது எனக்கு மூச்சு இரைத்தது. மதினி தலையைத் தூக்காமலே கேட்டார்: "நூத்தியெட்டுக்குப் போன் போடவா?"

அறுபத்திரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.


ஆறாம் நாள், ஞாயிறு. கிம்ஹே

பேருந்தில் புசான் வந்து, ஓட்டுநர் இல்லாத குட்டி ரயிலில் கிம்ஹே. சூரோ மன்னர் சமாதி என்றே ஒரு நிலையத்துக்குப் பெயர். முன் கண்ணாடியருகே உட்கார்ந்துகொண்டு மதினி தானே ஓட்டுவது போல் வந்தார்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கி.பி. 48-ல் அயுத்தா நாட்டு இளவரசி, பதினாறு வயதுப் பெண், சிவப்புப் பாய் கட்டிய கப்பலில் வந்து, கயா நாட்டுச் சூரோ மன்னரை மணந்தாள். ஹோ ஹ்வாங் ஓக் என்று பெயர். இரியோன் என்ற பிக்கு 13-ஆம் நூற்றாண்டில் தொகுத்த சம்குக் யூசாவில் இது இருக்கிறது. அயுத்தா எது? அயோத்தி என்று ஒரு கட்சி. அங்கே 2001-ல் அரசிக்கு நினைவுச்சின்னமே வைத்துவிட்டார்கள். தமிழ்நாடுதான், பாண்டியன் மகள்தான், பெயர் செம்பவளம் என்று நம்மவர் கட்சி. சூரோ சமாதி வாயிலில் இரட்டை மீன் ஓவியம் இருப்பதைச் சான்று காட்டுவார்கள்.

மீனைப் பார்த்தேன். இருக்கிறது. ஆனால் இன்று நிற்கும் வாயிலும் அதன் வண்ணமும் இரண்டாயிரம் ஆண்டுப் பழையவை அல்ல. நூலும் நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு 1,200 ஆண்டு பிந்தியது. அரசி 157 வயதில் இறந்தாள் என்று அதே நூல் சொல்கிறது. சங்கப் பாடல்களில் இப்படி ஒரு இளவரசி கடல் தாண்டினாள் என்று ஒரு வரியும் இல்லை. இருந்தால் நம் புலவர்கள் சும்மா விட்டிருப்பார்களா? இதையெல்லாம் எழுத வேண்டும் என்று ரயிலிலேயே குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

அரசியின் சமாதி சற்றுத் தள்ளி, ஒரு மேட்டில். புல் மூடிய ஒரு குன்று, சுற்றிலும் பைன் மரம், ஆள் அதிகம் இல்லை. பக்கத்தில் சிறு மண்டபத்துக்குள் செந்நிறக் கற்கள் ஐந்தாறு ஒன்றன்மேல் ஒன்றாக. கடல் சீற்றம் தணிய அவள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்த கற்கள் என்று நம்பிக்கை. அங்கே ஒரு பெரியவர், எண்பது இருக்கும், தொப்பியும் கைத்தடியுமாக வந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். "இந்தோ?" என்று கேட்டார். இந்தியாவுக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களை நோக்கிக் குனிந்தார், இடுப்பு வரை. பிறகு தன் மார்பைத் தொட்டு "கிம்ஹே கிம்" என்றார். சமாதியைக் காட்டி "ஹல்மொனி" என்றார். பாட்டி. கிம்ஹே கிம் குலத்தார் அந்த அரசியின் வழிவந்தவர்கள் என்றும், அரசியின் பெயர் தாங்கிய ஹோ குலத்தில் பெண் எடுப்பதில்லை என்றும் படித்திருக்கிறேன். பங்காளி முறை. அவர் "உரி ஹல்மொனி" என்று திரும்பச் சொன்னார். உரி என்றால் எங்கள். கொரியர்கள் பெரும்பாலும் என் அம்மா என்று சொல்வதில்லை, வீட்டுக்கு ஒரே பிள்ளையானாலும் 'எங்கள் அம்மா'தான். நாமும் 'எங்க அம்மா' என்றுதான் சொல்வோம். ஆனால் நமக்கு நாங்கள் வேறு, நாம் வேறு. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே உரி. அவர் சொன்னது 'எங்கள் பாட்டி'யா, 'நம் பாட்டி'யா?

செல்போனை எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுக்கவில்லை. மதினி அதற்குள் பையைத் திறந்து, மதுரையிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலத்தை எடுத்து, வெளியே யார் காலிலும் மிதிபடாத ஒரு மரத்தடியில் கொஞ்சம் வைத்தார். பெரியவர் அதற்கும் குனிந்தார். குறிப்பெடுத்த தாளை மடித்துவைத்துக்கொண்டேன். மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.


ஏழாம் நாள், திங்கள். புசான்

காலையில், கொரியப் போரில் இறந்த ஐ.நா. படை வீரர்களின் நினைவுக் கல்லறைத் தோட்டம். மதினி கேட்டு வந்த இடம். அந்தப் போருக்கு இந்தியா சண்டையிடும் படை அனுப்பவில்லை, மருத்துவப் படைதான் அனுப்பியது: 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, 1950 நவம்பரில் வந்தது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், பின்னாளில் மகாவீர் சக்ரா பெற்றவர். பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்கும்போது மருத்துவச் சாமான்களை எரித்துவிட்டு வர மனமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் நிரப்பி, தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். மதினிக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது. "ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கின சாமான எவளாவது விட்டுட்டு வருவாளா?" என்றார். வரிசையாகப் புல்லோடு பதித்த பெயர்ப் பலகைகள். வயதுகள் 19, 20, 22. மதினி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போக, நான் பின்னாலேயே போனேன்.

மாலையில் பொதுக் குளியலகம். மதினி முதல் நாளிலிருந்தே முடியாது என்றார். தொடர்களில் துண்டைத் தலையில் ஆட்டுக் கொம்பு மாதிரி சுற்றிக்கொண்டு வேகவைத்த முட்டை சாப்பிடுவதைத்தான் காட்டுவார்கள். அதற்கு முன்னால் பெண்கள் பகுதியில் பொட்டுத் துணியில்லாமல் குளிக்க வேண்டும் என்பதைக் காட்டுவதில்லை. நான் மட்டும் உள்ளே போனேன். முதல் இரண்டு நிமிடம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பது புரிந்ததும் கூச்சம் போய்விட்டது. பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை ஒன்றின் முதுகை ஒன்று தேய்த்துக்கொண்டு வரிசையாக.

வெந்நீரில் ஊறியபின் மேடையில் படுக்கச் சொல்லி, கறுப்பு உள்ளாடை அணிந்த ஒரு அம்மாள் பச்சை நிறச் சொரசொரப்புத் துணியால் தேய்த்தார். அந்தத் துணிக்கு இத்தாலித் துண்டு என்று பெயராம், இத்தாலியிலிருந்து தருவித்த துணியில் செய்யத் தொடங்கியதால். பீர்க்கங்காய் நாரும் சிகைக்காயும் கொண்டு தீபாவளிக்கு எங்க அம்மா தேய்த்த தேய்ப்பு நினைவுக்கு வந்தது. இது அதைவிடப் பலம். முதுகில் ஒரு தட்டு தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும், இரண்டு தட்டினால் எழுந்து உட்கார வேண்டும். அறுபது வயதில் என்னை ஒருத்தர் இப்படிப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவார் என்று நினைக்கவில்லை. பேச்சே இல்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி, "ம்யொத் சாலிஏயோ?" வயது என்ன? ஆறு விரலையும் ஒரு சைபரையும் காட்டினேன். அவர் தன்னைக் காட்டி ஐந்தும் எட்டும் காட்டினார். அதற்குப் பிறகு கொஞ்சம் மெதுவாகத் தேய்த்தார்.

முடிந்ததும் என் கையைப் பிடித்து மேடையைக் காட்டினார். கறுப்புக் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. அவருக்கு ஒரே பெருமை. அப்போதுதான் கதவருகில் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மதினி நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. மேடையை எட்டிப் பார்த்தார்.

"அறுபது வருசத்து மதுரை" என்றார். "சரி, எனக்கும் தேய்க்கச் சொல்லு."